கடுக்காய் கட்டிய ஐரோப்பா

கல்யாணமாகிப் பத்து வருஷம், இருபத்தைந்து வருஷம் ஆன தம்பதிகள், "ஒரு தடவையாவது ரோம், வெனிஸ், பாரிஸ் பார்த்துவிட வேண்டும்" என்று பேசிக்கொள்வதைக் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலும் இப்போது கேட்க முடிகிறது. நியாயமான ஆசைதான். பழைய நகரத்துத் தெருவில் இருவர் மட்டும் மெதுவாக நடந்துபோவதில் தனிச் சுகம் உண்டு. பணமும் விசாவும் கூடிவருகிறபோது அவசியம் போய்வாருங்கள். அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டிய பயணம் ஒன்று இருக்கிறது. வெள்ளிமலையில் பஸ் ஏறி, மலைத்தண்ணீர் போகிற திசையிலேயே இறங்கிப் போனால், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த ஊர்கள் கடலோரமாக வரிசையாக வரும். கல்வராயன் மலை போன்ற நம் மலைகளின் சரக்கு அந்த ஊர்ச் சுவர்களிலும் மணலிலும் கலந்திருப்பதுதான் அங்கே பார்க்க வேண்டிய அதிசயம்.

மலையிலிருந்தே தொடங்குவோம். கல்வராயன் மலையின் உடம்பில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்கிற கரும்பச்சைப் பாறை. பூமிக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை அது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கொல்கத்தாவில் இருக்கும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான். நம்மூர்ப் பல்லாவரத்துப் பாறையோடு அதை ஒப்பிட்டு ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார்.

இவ்வளவு உறுதியான பாறையும் மழைக்கும் வெயிலுக்கும் மெல்ல மெல்ல உதிரத்தான் செய்கிறது. குவார்ட்ஸ் வெள்ளை மணலாகிறது, அதோடு கலந்திருந்த இரும்புத் தாதுக்கள் கருப்புப் பொடியாகின்றன. கோமுகி ஆறு இவற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு கச்சிராயபாளையம் பக்கம் இறங்கி, மணிமுத்தாற்றோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. மலையின் வடசரிவில் விழும் மழை தென்பெண்ணைக்குப் போய், கடலூர் அருகே கடலில் சேர்கிறது.

இந்தப் பயணத்தில் முதல் ஐரோப்பிய ஊர் பரங்கிப்பேட்டை. கள்ளக்குறிச்சியிலிருந்து விருத்தாசலம், சிதம்பரம் வழியாகப் போகலாம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், பிறகு டச்சுக்காரரும் ஆங்கிலேயரும். 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியின் படையை ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் தோற்கடித்ததும் இங்கேதான். ஆனால் என்னைக் கேட்டால் போரைவிட இரும்புக் கதையே பெரியது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830இல் இங்கே ஊதுலை அமைத்தார். தாது சேலம் பகுதியின் மேக்னடைட், எரிபொருள் காட்டு மரக்கரி. வார்த்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. வேல்ஸில் 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் அந்த இரும்பும் சேர்ந்தது என்று பழைய கெசட்டியர்கள் எழுதிவைத்திருக்கின்றன. ஹீத் பின்னர் இங்கிலாந்து திரும்பி, உருக்கு வார்க்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்காலைகள் அந்த முறையால் கொழித்தன. அவரோ வழக்காடிக் களைத்து 1851இல் இறந்தார். மரக்கரிக்காகக் காடுகள் கரைந்துகொண்டே போனதும், இங்கிலாந்தின் நிலக்கரி இரும்பு மலிவாகிப்போனதும் ஆலையைச் சாய்த்துவிட்டன.

அடுத்தது தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கும்வரை, இரண்டேகால் நூற்றாண்டு அது அவர்கள் ஊர். நுழைவாயில் வளைவைத் தாண்டி ராஜா வீதியில் காலை ஆறு மணிக்கு இருவராக நடந்து பாருங்கள். 1718இல் கட்டிய புதிய ஜெருசலேம் தேவாலயம், ஆளுநர் மாளிகை, அதற்கப்பால் டேன்ஸ்போர்க் கோட்டை, கோட்டைக்குப் பின்னால் கடல். இந்த ஊருக்குத்தான் 1768இல் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் மருத்துவராக வந்து, தென்னிந்தியச் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

கோட்டைச் சுவரில் காரை உதிர்ந்த இடம் கண்ணில் பட்டால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். செங்கல்லுக்கு நடுவே வெளுத்த சாந்து தெரியும். உற்றுப் பார்த்தால் அதில் கிளிஞ்சல் துணுக்குகள்கூட இருக்கலாம். கடற்கரைக் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு கிடைத்ததே கிளிஞ்சல் சூளையில்தான். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். சூளையில் சுமார் 900 டிகிரியில் வெந்தால் அதிலிருந்து கார்பன் டையாக்சைடு கிளம்பிவிடும். 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசியதும் கதை தலைகீழாகத் திரும்புகிறது. காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடைச் சுண்ணாம்பு உறிஞ்சத் தொடங்குகிறது. சூளையில் இழந்த 44 கிலோவையும் மெல்ல மெல்ல மீட்டுக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மேற்பரப்பு வாரக்கணக்கில் இறுகும், தடித்த சுவரின் உள்பகுதிக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். கட்டியவர்கள் காலமான பிறகும் சுவர் உள்ளுக்குள்ளே கல்லாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

இங்கேதான் நம் மலை வருகிறது. கட்டடத்தின் வரைபடத்தை ஐரோப்பியர் கொண்டுவந்தார்கள், சாந்து குழைத்தவர்கள் நம் கொத்தனார்களும் சித்தாள்களும். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது இந்தப் பக்கத்துக் கைமுறை. கடுக்காயோ மலைச் சரக்கு. கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, ஜவ்வாது மலைகளின் மக்கள் பனிக்காலத்தில் பொறுக்கி, உலர்த்தி, சமவெளிக்கு இறக்குவது. வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு இன்றைக்கும் அது கைக்காசு தரும் காட்டுப்பொருள்.

தட்டிய கடுக்காயையும் வெல்லத்தையும் சில நாள் தண்ணீரில் ஊறவிட்டால் நுரைத்துப் புளிக்கும். அந்தத் தண்ணீரைச் சாந்தில் விட்டால் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. வெல்லத்திலுள்ள சர்க்கரை கால்சியத்தைப் பற்றிக்கொண்டு சாந்து சட்டென்று இறுகாமல் தடுக்கிறது, கொத்தனாருக்குத் தேய்த்துச் சமன்படுத்த நேரம் கிடைக்கிறது. கார்பனேட் படிகங்கள் பொடியாக, நெருக்கமாக வளர்கின்றன. நெருக்கமான படிகத்தில் தண்ணீர் புகுவது குறைகிறது. கடுக்காயின் டானின் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஒத்துக்கொள்ளாத பொருள். அதன் வேகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், கடுக்காய் ஊறிய தண்ணீரில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டு வையுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் மையாகக் கறுத்துவிடும். தோல் பதனிடுவதற்காக மெட்ராஸ் மாகாணத்திலிருந்து கடுக்காய் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனதும் இந்த டானினுக்காகத்தான்.

ரோமாபுரியின் பாந்தியன் கோவிலுக்கு 43 மீட்டர் அகலக் குவிமாடம். கம்பி இல்லாமல் கட்டியது, சுமார் 1900 ஆண்டுகளாக நிற்கிறது. அதன் உயிர்நாடியும் சுண்ணாம்பே. அவர்கள் எரிமலைச் சாம்பல் கலந்தார்கள், நாம் அதே வேலைக்குச் சுட்ட செங்கல்லின் தூளைக் கலந்தோம். இரண்டிலும் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும் பசையாகிறது. ரோமானிய கான்கிரீட்டில் காணப்படும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் விரிசலில் இறங்கும் தண்ணீரில் கரைந்து, மறுபடி படிந்து, விரிசலைத் தாமே அடைக்கின்றன என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் சுண்ணாம்புச் சுவரின் மயிரிழை விரிசல்கள் மழைக்குப் பின் மூடிக்கொள்வதிலும் இப்படிக் கரைந்து படிகிற வேலைதான் நடக்கிறது.

மூன்றாவது ஊர் புதுச்சேரி. 1674இல் பிரெஞ்சுக்காரர் அமர்ந்த ஊர். 1693இல் டச்சுக்காரர் பிடித்து, திருப்பிக் கொடுப்பதற்குள் கட்டம் கட்டமாகத் தெருக்கள் வகுத்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். எனவே இன்று நாம் வியந்து பார்க்கும் மஞ்சள் சுவர் வீடுகள் எல்லாம் 1765க்குப் பிறகு எழுந்தவை. தெருக்களில் பாதி நேராகக் கடலை நோக்கிப் போகின்றன. மதியம் நிலம் சூடேறி அதன் மேலிருக்கும் காற்று எழும்பும்போது, கடல்காற்று அந்தத் தெருக்களின் வழியே தடையில்லாமல் ஊருக்குள் நுழைகிறது.

வீடுகளின் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்திச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, நாள் கணக்கில் கட்டையால் குத்தி இறுக்கியது. இப்படிக் கட்டிய கட்டடமும் கவனிக்காமல் விட்டால் தாங்காது. 1870களின் தொடக்கத்தில் கடற்கரைச் சாலையில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பி 2021இல் திறந்தார்கள். போனால் கட்டாயம் பாருங்கள்.

அங்கே மணலையும் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். தென்மேற்குப் பருவத்து அலைகள் சாய்வாக வந்து மோதி, கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. ஆண்டுக்குப் பல லட்சம் டன். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறும், கடலூரில் கெடிலமும் தென்பெண்ணையும் கொட்டிய மணல் வடக்கே நகர்ந்துதான் இந்தக் கரைக்கு வர வேண்டும். ஒரு சின்னக் காந்தத்தை மணலில் புரட்டினால் கருந்துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அவை மேக்னடைட். கல்வராயன் போன்ற மலைகளின் பாறைகளிலிருந்து உதிர்ந்து, ஆறு வழியாகவும் அலை வழியாகவும் இங்கே வந்தவை.

1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டியபோது இந்த மணல் ஓட்டம் தடைப்பட்டது. மணல் தெற்கே குவிந்தது, வடக்கே புதுச்சேரியின் கடற்கரை காணாமல் போய்க் கருங்கற்கள்தான் மிஞ்சின. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஆற்றில் அணை கட்டி, மிச்ச மணலையும் லாரியில் அள்ளினால் கடற்கரைக்கு வரவேண்டிய பங்கு மேலும் குறையும். மலையில் இருப்பவர்களுக்கும் கடலோரத்தில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரே கவலை இருக்க வேண்டும்.

கல்யாண நாள் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வந்தால், பயணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். மழை ஓய்ந்திருக்கும். சிதம்பரத்தில் தங்கிப் பரங்கிப்பேட்டை, மறுநாள் தரங்கம்பாடி, பிறகு புதுச்சேரி என்று மூன்று நாள் போதும். உங்கள் தாத்தா கட்டிய சுண்ணாம்பு வீடு இன்னும் ஊரில் நின்றுகொண்டிருந்தால், திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசாதீர்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து, பழைய சுவரை உப்புப் பூக்கவைத்து உரித்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்து, முறையாகப் பூசச் சொல்லுங்கள்.