பெரிய பூனைகளுக்கான ஏறுகோபுரம்

பூனைக் கோபுரம் அல்லது பூனை மரம் என்பது வீட்டுப் பூனைகள் ஏறவும், பிறாண்டவும், உயரத்தில் படுத்திருக்கவும் செய்யப்படும் பல அடுக்குகள் கொண்ட அறைகலன் ஆகும்.

இவற்றுள் பல, 4 அல்லது 5 கிலோ எடையுள்ள பூனைகளைக் கருதியே செய்யப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த மெய்ன் கூன் இனத்தின் ஆண் பூனை 8 கிலோவுக்கு மேலும் வளரக்கூடும். முழு வளர்ச்சி அடைய 3 முதல் 5 ஆண்டுகள் ஆகும். எனவே, குட்டியின் அளவை வைத்துக் கோபுரத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அடித்தளம்: பூனை பாய்ந்து ஏறும்போது, அதன் எடையைவிடக் கூடுதலான விசை பக்கவாட்டிலும் தாக்குகிறது. உயரம் கூடக்கூடக் கோபுரம் கவிழும் வாய்ப்பும் கூடும். ஆகவே அடித்தளம் அகலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். உயரமான கோபுரத்தைச் சுவரோடு பிணைப்பது பாதுகாப்பானது.

தூண்: பூனைகள் நகத்தின் பழைய மேலுறையை உதிர்க்கவும், உடலை நீட்டி முறுக்கவும், தம் வாசனையைப் பதிக்கவும் பிறாண்டுகின்றன. பின்னங்கால்களில் நின்று முழுமையாக நீளும் அளவுக்குத் தூண் உயரமாக இருக்க வேண்டும். சைசல் கயிறு சுற்றிய தூண் இதற்கு ஏற்றது. தூண் ஆடினால் பூனை சோபாவை நாடும்.

தளங்கள்: உடல் முழுவதும் அடங்கும் அகலம் தேவை. மெய்ன் கூன் பூனைகளுக்கு இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு வருவதுண்டு. எனவே, நேராகக் கீழே குதிக்காமல் படிப்படியாக இறங்க இடைத்தளங்கள் உதவும்.

வாங்கும் முன் உச்சித்தளத்தைக் கையால் தள்ளிப் பார்ப்பதும், பின்னர் திருகாணிகளை அவ்வப்போது இறுக்குவதும் நல்லது. ஒருமுறை கவிழ்ந்து பயமுறுத்திய கோபுரத்தில் பூனை மீண்டும் ஏறாமலே போகலாம்.