கண்ணும் கத்தியும் – 17: நேரான கண் மறுபடி விலகினால்

1839-இல் பெர்லினில் டாக்டர் டீஃபென்பாக் ஏழு வயதுப் பையனின் மாறுகண்ணை நேராக்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்குப் பின் நடந்ததைப் பலரும் சொல்வதில்லை. செய்தி பரவியதும் ஐரோப்பா எங்கும் டாக்டர்கள் அவரைப் போலவே கண்ணின் உள்பக்கத் தசையை வெட்டிவிடத் தொடங்கினார்கள். வெட்டிய தசை பிடிப்பில்லாமல் பின்னால் நழுவியது. மூக்கைப் பார்த்த கண்கள் பல, காலப்போக்கில் காதைப் பார்க்கத் தொடங்கின. நழுவிய தசையைத் தேடிப் பிடித்து முன்னால் இழுத்துத் தைக்கும் முறை அப்படித்தான் பிறந்தது.

இன்று யாரும் தசையை அப்படி வெட்டிவிடுவதில்லை. மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தித் தைக்கிறார்கள். ஆனாலும் சிலருக்குக் கண் மறுபடி விலகுகிறது. தையல் போட்ட இடத்தின் தழும்பு மெல்ல இழுபட்டு நீளலாம். பார்வை மங்கிய கண் வருடங்கள் போகப் போக வெளிப்பக்கம் ஒதுங்கலாம். இரு கண் காட்சியையும் ஒன்றாக்க மூளை சின்ன வயதில் பழகாமல் போயிருந்தால், கடிவாளம் இல்லாத குதிரைதான் அந்தக் கண். இதற்கெல்லாம் முதல் டாக்டரைக் குறை சொல்வது பெரும்பாலும் நியாயமில்லை.

இரண்டாவது ஆபரேஷன் கடினமானது. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது டாக்டர் இடுக்கியால் கண்ணைப் பிடித்து இருபக்கமும் திருப்பிப் பார்ப்பார். எங்கே இறுகியிருக்கிறது என்பது கைக்குத் தெரியும். பிறகு மேல்சவ்வைத் திறந்தால் தழும்பு எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கும். உள்பக்கத் தசை இயல்பாகக் கருவிழி ஓரத்திலிருந்து 5.5 மில்லிமீட்டரில் ஒட்டியிருக்கும். இப்போது அது எங்கே இருக்கிறதோ! தசை ஒட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வெள்ளை விழியின் சுவர் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான். ஊசி அந்தச் சுவருக்குள்ளேயே ஓட வேண்டும். துளைத்து உள்ளே போய்விடக் கூடாது. போதாக்குறைக்கு, கண்ணின் முன்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களில் பல, கண்ணைத் திருப்பும் நேர்தசைகளோடுதான் வருகின்றன. ஒரே கண்ணில் பல தசைகளைத் தொட்டால் ரத்த ஓட்டம் குறையும்.

பலன் எப்படி? மீதமுள்ள விலகல் 10 பிரிசம் டயாப்டருக்குள், அதாவது ஏறத்தாழ ஆறு டிகிரிக்குள், இருந்தால் வெற்றி என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். மறு ஆபரேஷனிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்த எல்லைக்குள் வருகிறார்கள். ஆனால் எவ்வளவு விலகலுக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்ற முதல்முறை அட்டவணை இங்கே அப்படியே செல்லாது. அதனால்தான் சான் பிரான்சிஸ்கோவின் டாக்டர் ஆர்தர் ஜாம்போல்ஸ்கி 1970-களில் பரப்பிய, பின்னர் சரிசெய்யக்கூடிய தையல் பெரியவர்களுக்குக் கைகொடுக்கிறது. மயக்கம் தெளிந்தபின் நோயாளி நேரே பார்க்க, சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்து, முடிச்சை இறுக்கவோ தளர்த்தவோ முடியும்.

பெரியவர்களுக்கு இது வெறும் அழகுக்கான ஆபரேஷன் என்பதை நான் ஏற்கவில்லை. எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச முடியாமல் தலைகுனிந்தே வாழ்ந்தவருக்கு அது வாழ்க்கை. ஆனால் கண் நேரானபின் ஒன்று இரண்டாகத் தெரியுமா என்பதை முன்கூட்டியே பிரிசம் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துப் போங்கள். எந்தத் தசை, எத்தனை மில்லிமீட்டர், எந்தத் திசையில் என்ற விவரம் அதில் இருந்தால், தழும்புக்குள் தேடும் வேலை பெருமளவு குறையும். குழந்தைக்கு இப்போதுதான் முதல் ஆபரேஷன் என்றால், அந்தக் காகிதத்தைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

(தொடரும்)