எட்டரை மைல் வித்தியாசம்

2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைல் தூரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த படகு மீது, 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் பாதுகாப்புக்கு வந்த கடற்படை வீரர்கள் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் பலி. ஒருவர் கேரளத்தவர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

கேரள போலீஸ் இரண்டு வீரர்களைக் கைது செய்தது. ஆனால் 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது: சம்பவம் 12 கடல் மைலுக்கு அப்பால் நடந்திருப்பதால் கேரளத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசுதான் தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும். வழக்கை மாநிலத்தின் கையிலிருந்து டெல்லிக்கு நகர்த்தியது அந்த எட்டரை மைல்.

உயிரையும் சட்டத்தையும் அளக்கும் இந்த மைல் எது? சாலை மைல் அல்ல. அது 1,609 மீட்டர். கடல் மைல் 1,852 மீட்டர். இந்த விநோத எண்ணுக்குக் காரணம் பூமியின் உருண்டை வடிவம். அட்சரேகையின் ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பெயர் நிமிடம். அந்த ஒரு நிமிடத் தூரமே கடல் மைல்.

பூமி துருவங்களில் சற்றுத் தட்டை. அதனால் ஒரு நிமிடத்தின் நீளம் பூமத்திய ரேகையில் சுமார் 1,843 மீட்டர், துருவத்தில் சுமார் 1,862 மீட்டர். பிரிட்டன் 6,080 அடி என்று தனிக் கணக்கு வைத்திருந்தது. 1929-ல் மொனாகோவில் கூடிய சர்வதேச மாநாடு 1,852 மீட்டர் என்று முடிவு கட்டியது.

1956-ல் சட்டமான மெட்ரிக் முறை, இந்தியச் சாலைகளிலிருந்து மைலை விரட்டிவிட்டது. கடலில் அது அசையவில்லை. மாலுமி வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே கவராயத்தை விரித்து, ஓரத்திலுள்ள அட்சரேகைக் கோட்டில் வைத்தால் போதும். நிமிடங்களை எண்ணினால் அதுவே தூரம். பெருக்கலும் வகுத்தலும் வேண்டாம்.

எல்லைகளும் இந்தக் கணக்கில்தான். 1976-ம் ஆண்டுச் சட்டப்படி 12 கடல் மைல் வரை இந்தியாவின் ஆட்சிக் கடல். 24 வரை சுங்கம், பாதுகாப்பு போன்றவற்றுக்கான கண்காணிப்பு. 200 வரை மீன் வளத்திலும் கனிம வளத்திலும் உரிமை.

இத்தாலிய வீரர்கள் கடைசிவரை இந்தியாவில் விசாரிக்கப்படவில்லை. அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பதால் சர்வதேச நடுவர் மன்றம் 2020-ல் விலக்கு அளித்தது. நஷ்டஈடு தரச் சொன்னது. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியதும், 2021-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

கரையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செய்தியில் '12 கடல் மைல்' என்று வரும்போது சாலை மைலாக எண்ணினால் 19 கிலோமீட்டர்தான் கிடைக்கும். உண்மையில் அது 22 கிலோமீட்டருக்கும் அதிகம். நடுவில் விட்டுப்போகும் மூன்று கிலோமீட்டரிலும் வலை வீசிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.