ஷாத்தோ-ஷலோன் வைன்

ஷாத்தோ-ஷலோன் என்பது கிழக்குப் பிரான்சின் ஜூரா பகுதியில் தயாரிக்கப்படும் அரிய வெள்ளை வைன் ஆகும். இது இனிப்புச் சுவை இல்லாத 'உலர்' வகையைச் சேர்ந்தது. பொன்மஞ்சள் நிறம் கொண்டதால் 'வான் ஜோன்', அதாவது 'மஞ்சள் வைன்', என்ற பிரிவில் வைக்கப்படுகிறது. ஜூராவின் வேறு சில இடங்களிலும் மஞ்சள் வைன் செய்யப்படுகிறது. ஆனால் அவற்றுள் ஷாத்தோ-ஷலோனே மிகவும் புகழ்பெற்றது.

விளையும் பகுதி

'ஷாத்தோ' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கோட்டை அல்லது மாளிகை என்று பொருள். எனினும் இங்கு அது ஓர் ஊரின் பெயர். செய் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் சுண்ணாம்புப் பாறையின் உச்சியில் இவ்வூர் அமைந்துள்ளது. பாறைக்குக் கீழே, சுண்ணாம்பு கலந்த களிமண் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. இவற்றின் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர் மட்டுமே. செங்குத்தான பாறை குளிர்காற்றைத் தடுப்பதால், தாமதமாகப் பழுக்கும் 'சவான்யான்' திராட்சை இங்கு நன்கு விளைகிறது. வேறு எந்த வகைத் திராட்சையும் இந்த வைனில் சேர்க்கப்படுவதில்லை.

தயாரிப்பு முறை

பொதுவாக, பீப்பாயில் உள்ள வைன் ஆவியாகிக் குறையும்போது மேலும் வைன் ஊற்றி அதை நிரப்புவார்கள். வெற்றிடத்தில் காற்று புகுந்தால் வைன் புளித்துக் காடியாகிவிடும் என்பதே காரணம். ஷாத்தோ-ஷலோனில் பீப்பாய் வேண்டுமென்றே நிரப்பப்படாமல் விடப்படுகிறது. அப்போது வைனின் மேற்பரப்பில் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் மெல்லிய ஏடு போலப் படர்கின்றன. பிரெஞ்சுக்காரர் இதைத் 'திரை' என்பர். காற்றிலுள்ள ஆக்சிசனை இந்த ஏடு பயன்படுத்திக்கொள்வதால் வைன் கெடாமல் மெதுவாக மாறுகிறது. ஏடு சரியாகப் படராத பீப்பாய்கள் காடியாகிப் போவதும் உண்டு. ஆகவே வைன் அவ்வப்போது சோதிக்கப்படுகிறது.

அறுவடைக்குப் பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே வைன் விற்பனைக்கு வரும். அதற்குள் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 620 மி.லி. தான் எஞ்சும் என்பது மரபுக் கணக்கு. இதை அடைக்கும் 'கிளாவ்லான்' என்னும் குட்டையான புட்டியின் கொள்ளளவும் 620 மி.லி. தான், வழக்கமான வைன் புட்டி 750 மி.லி. கொள்ளும்.

மணமும் சுவையும்

வால்நட், உலர்பழம், மசாலாப் பொருட்கள் ஆகியவற்றின் மணம் இதில் உண்டு. இதற்கு முக்கியக் காரணம் 'சோட்டோலான்' என்ற வேதிப்பொருள். வெந்தயத்தின் தனி மணத்திற்கும் இதே பொருள்தான் காரணம். ஜூராவின் கோம்தே பாலாடைக்கட்டியுடன் இந்த வைனைப் பருகுவது அப்பகுதியின் வழக்கம். நன்கு அடைத்து வைத்த புட்டி பல பத்தாண்டுகள் கெடாது.

பெயர்ப் பாதுகாப்பு

நம் நாட்டின் புவிசார் குறியீட்டை ஒத்த பிரெஞ்சுச் சட்டப் பாதுகாப்பு இப்பெயருக்கு 1936இல் கிடைத்தது. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டங்களைப் பார்வையிட்டு, பழங்கள் தகுதியானவையா என்று ஆராயும். விளைச்சலின் தரம் போதாததால் 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் ஷாத்தோ-ஷலோன் என்ற பெயரில் வைன் தயாரிக்கப்படவில்லை. சிறிய தோட்டங்களை நம்பி வாழும் விவசாயிகளுக்கு இது பெரும் வருமான இழப்பு. ஆயினும் ஊரின் பெயருக்குள்ள மதிப்பை இந்தக் கட்டுப்பாடே காத்து வருகிறது.