காலணிப் பசைக்குள் ஒரு கரைப்பான்: ஹெக்சேன்

பத்தாம் வகுப்பில் அல்கேன்களுக்குப் பெயரிடும் பாடத்தில் மாணவர்கள் ஹெக்சேனைச் சந்திக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, வேலூர் பகுதி மாணவர்களுக்கு அது புத்தகப் பெயர் மட்டுமன்று. காலணித் தொழிலில் பயன்படும் கரைப்பான் வகைப் பசைகளில் ஹெக்சேன், டொலுயீன் போன்ற திரவ ஹைட்ரோகார்பன்கள் இடம்பெறுகின்றன. எனவே இப்பாடத்தை அவர்களுடைய ஊரிலிருந்தே தொடங்கலாம்.

பண்புகளும் பயன்களும்

ஹெக்சேன் மூலக்கூறில் 6 கார்பன், 14 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. நிறமற்ற இத்திரவம் பெட்ரோலைப் போல மணக்கும். கொதிநிலை 69 டிகிரி செல்சியஸ். அடர்த்தி 0.66 என்பதால் நீரில் கரையாமல் மேலே மிதக்கும். முனைவற்ற கரைப்பானாகிய இது எண்ணெயையும் கொழுப்பையும் எளிதில் கரைக்கும். தவிட்டிலிருந்து எண்ணெய் பிரித்தெடுக்கவும் இதுவே பயன்படுகிறது. விரைவில் ஆவியாவதால் பசை சீக்கிரம் காய்கிறது. ஆனால் காய்ந்த பசையிலிருந்து வெளியேறிய ஹெக்சேன் அந்த அறையின் காற்றில்தான் இருக்கிறது.

தீ அபாயம்

இதன் மூலக்கூறு நிறை 86. காற்றின் சராசரி 29. இரண்டையும் மாணவர்களே வகுத்துப் பார்க்கட்டும். ஆவி காற்றைவிட ஏறக்குறைய 3 மடங்கு கனமானது என்று தெரியவரும். அதனால் அது தரையோடு பரவி, தள்ளியிருக்கும் அடுப்பிலும் தீப்பற்றக்கூடும். நீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். மணலோ உலர் பொடித் தீயணைப்பானோ வேண்டும்.

நரம்புப் பாதிப்பு

1960களில் ஜப்பானில் செருப்புத் தயாரித்தவர்களிடமும், பின்னர் இத்தாலியின் காலணித் தொழிலாளர்களிடமும் கைகால் மரத்துப்போகும் நோய் கண்டறியப்பட்டது. உடலுக்குள் ஹெக்சேன் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி நரம்புகளைத் தாக்குகிறது. நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால் பாதத்தில் மரத்துப்போதல் தொடங்கும். பிறகு நடை தளரும். வேலையை நிறுத்திய பின்னும் சில வாரங்கள் பாதிப்பு கூடலாம். குணமாகப் பல மாதங்கள் ஆகும்.

கால் மரத்துப்போனால் நாம் உடனே சர்க்கரை நோயைத்தான் நினைப்போம். பசை வேலை செய்பவர்கள் தங்கள் தொழிலையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்தச் செய்தியை வீட்டுக்கு எடுத்துச் செல்ல நம் மாணவர்களால் முடியும்.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளில் ஹெக்சேன் தேவையில்லை. புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பசை நீரில் போகாது, தேங்காய் எண்ணெயில் போகும் என்று காட்டினாலே 'ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்' என்பது விளங்கும். மேல்நிலை ஆய்வகத்தில் சன்னல்களைத் திறந்து, சுடர் எதுவும் இல்லாத இடத்தில் சிறிதளவே கையாள வேண்டும். எஞ்சியதைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது.

வீட்டுக்கு மூன்று செய்திகள்: பசை டப்பாவை மூடி வையுங்கள். கையைக் கரைப்பானால் துடைக்காமல் சோப்பால் கழுவுங்கள். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, காற்றோட்டமே காக்கும். பசை வேலை நடக்கும் அறையின் தரையில் குழந்தைகளைப் படுக்க வைக்கக் கூடாது என்பதற்கான காரணத்தை, 86ஐ 29ஆல் வகுத்த மாணவர் தானே விளக்குவார்.