பாலைப் பிரிக்கும் பறவை உண்டா?

பாலையும் தண்ணீரையும் கலந்து வைத்தால், பாலை மட்டும் குடித்துவிட்டுத் தண்ணீரை விட்டுவிடுமாம் அன்னப்பறவை. பாட்டிமார் சொல்லும் கதை இது. தமயந்தியிடம் நளனுக்காகத் தூது போனதும் அன்னம்தான்.

பாலைப் பிரிக்கும் பறவை உலகில் எங்குமே கிடையாது. அது கற்பனை.

ஆனால், சேற்று நீரை வடிகட்டி இரையை மட்டும் தின்னும் பறவை உண்டு! அதைக் காண வெகுதூரம் போக வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பழவேற்காடு ஏரிக்குப் போனால் போதும்.

தலைகீழ் அலகு

அந்தப் பறவையின் பெயர் பூநாரை. சுமார் 4 அடி உயரம். குச்சி போன்ற கால்கள். வளைந்த அலகு.

இரை தேடும்போது அது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் விடும். நாக்கு பம்பு போல நீரை உள்ளே இழுத்து, வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்பின் பற்களைப் போன்ற சல்லடை இருக்கிறது. நீர் வெளியேறிவிடும். கூனி இறால், புழு, பாசி ஆகியவை உள்ளே தங்கிவிடும். தேநீர் வடிகட்டி செய்யும் வேலைதான் இது.

பூநாரையின் குஞ்சு சாம்பல் நிறமாக இருக்கும். பாசியிலும் கூனியிலும் உள்ள நிறச்சத்துதான் வளர்ந்த பறவைக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகிறது.

ஒரே ஏரி, இரண்டு பசி

பழவேற்காடு உப்புநீர் ஏரி. இந்தியாவில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று.

ஆற்று நீரும் கடல் நீரும் கலந்தால்தான் இங்கே இறால் செழிக்கும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரிக்குக் கேடு. பறவைக்கு இரை குறையும். மீனவர் வீட்டில் உலை கொதிக்காது. "பாடு" என்று முறை வைத்து, ஊர் ஊராகப் பங்கிட்டு மீன் பிடிப்பவர்கள் அவர்கள்.

ஏரிக்கு மேற்கே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை இருக்கிறது. அதுவும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆலையும் வேண்டும், ஏரியும் வேண்டும். ஆகவே, கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் எந்த ஓடையிலும் விடக்கூடாது. ஓடும் நீர் ஏதாவது ஒரு வழியில் ஏரியையோ கடலையோ சேர்ந்துவிடும்.

சேற்றிலிருந்து இரையைப் பிரிக்கப் பூநாரைக்குத் தெரியும். நீரிலிருந்து நஞ்சைப் பிரிக்க அதற்குத் தெரியாது. அந்த வேலையை மனிதன்தான் செய்ய வேண்டும்!