வேலி இருந்தால் தேவாங்கு இருக்கும்

ராயகிரியில் நின்று மேற்கே பார்த்தால் மலை கூப்பிடு தூரத்தில் தெரியும். உச்சியில் சோலைக்காடு, அடிவாரத்தில் உடைமரமும் வேலமரமுமாக முள்காடு, அதற்கும் கீழே தென்னை, மா, எலுமிச்சைத் தோட்டங்கள். மலையை விட்டு யானை இறங்கினால் ஊரே பேசும். கால் கிலோ எடையுள்ள தேவாங்கு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போவது யார் கண்ணிலும் படாது. மெலிந்த பிள்ளையைக் கேலி செய்ய அதன் பெயர் நம் வாயில் உடனே வருகிறது. ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

மடகாஸ்கர் தீவில் வாழும் லெமூர்களுக்குத் தென்னிந்தியக் காடுகளில் உள்ள ஒரே நெருங்கிய உறவு தேவாங்குதான். குரங்கின் மூக்கு உலர்ந்திருக்கும். லெமூருக்கும் தேவாங்குக்கும் நாய்க்கு இருப்பதுபோல் ஈரமாக இருக்கும். இரண்டுக்கும் கீழ்த்தாடை முன்பற்கள் சீப்பாக அமைந்து மயிரைக் கோத உதவுகின்றன. பின்னங்கால் இரண்டாம் விரலில் மட்டும் சொறிவதற்கென்று ஒரு நகம் நீண்டிருக்கும். 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இந்த உறவினர்கள் எப்படி வந்தார்கள் என்று யோசித்து, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய ஒரு கண்டம் இருந்திருக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் இட்ட பெயர்தான் லெமூரியா. கண்டங்களே நகர்கின்றன என்பது நிலைபெற்ற பிறகு அறிவியல் அந்தக் கருத்தைக் கைவிட்டது. ஆனாலும் தமிழர்கள் இத்தனை காலம் பேசிய ஒரு பெயர் பிறந்ததில் நம் தேவாங்குக்கும் பங்கு உண்டு.

உறவு நெருக்கமானாலும் பருவத்தை இரண்டும் எதிர்கொள்ளும் விதம் வேறு. மடகாஸ்கரில் வறட்சி கடுமை. அங்குள்ள கொழுத்தவால் குள்ள லெமூர் மழைக்காலத்தில் வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, வறண்ட மாதங்களில் ஏழு மாதம் வரைகூட மரப்பொந்தில் உறங்கிக் கிடக்கும். வளைவால் லெமூர்ப் பெண் இணைசேரும் பொழுது ஆண்டில் ஒரு நாள்கூட நீடிக்காது. குட்டிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பிறந்து, தீனி பெருகும் மழைக்காலத்தில் வளரும்.

தேவாங்குக்கு வாலும் இல்லை, அப்படி ஒரு நெடுந்தூக்கமும் இல்லை. ஆண்டு முழுவதும் இரவில் இரை தேடுகிறது. திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர்ப் பக்கத்து முள்காட்டில் 1990-களில் இதை ஆராய்ந்த அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர், அதன் உணவு ஏறக்குறைய முழுவதும் பூச்சியும் சிறு உயிர்களும்தான், அதிலும் எறும்பும் கரையானும் முதலிடம் என்று கண்டார். நம் கோடையிலும் எறும்புக்குப் பஞ்சம் இல்லையே! வேலமரப் பிசினும் கொஞ்சம் உண்டு. பெண் ஆண்டுக்கு இருமுறை சினைப்பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் ஐந்தரை மாதம். ஒன்று அல்லது இரண்டு குட்டி. முதல் சில வாரம் தாய் குட்டியை வயிற்றோடு ஒட்டிச் சுமந்து திரியும். பிறகு அந்தி சாய்ந்ததும் ஒரு கிளையில் விட்டுவிட்டு இரைக்குப் போய், விடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளும். இடையில், கூட உறங்கும் கூட்டத்தைச் சேர்ந்த ஆண் தேவாங்கு வந்து குட்டியோடு விளையாடி, மயிர் கோதிவிட்டுப் போகும். இவ்வளவு சின்ன உயிரிடம் இத்தனை குடும்பப் பொறுப்பு இருப்பது எனக்குப் பெரும் வியப்பு.

அது வேட்டையாடும் விதத்தைப் பாருங்கள். பின்னங்கால்களால் கிளையை இறுகப் பற்றி உடலை நீட்டும். அசைவே தெரியாது. பிறகு ஒரு கையோ இரண்டு கையுமோ சட்டெனப் பாயும். பூச்சி பிடியில் இருக்கும். கை கால்களில் மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னலாக அமைந்திருப்பதால் மணிக்கணக்கில் பற்றினாலும் மரத்துப்போகாது. கடிக்கிற எறும்பைத் தின்னும்போது தன் சிறுநீரையே கைகால்களில் பூசிக்கொள்வதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எல்லாம் இருந்தும் தேவாங்கால் தாவ முடியாது. ஒரு கிளையை விடாமல் அடுத்ததைப் பற்றித்தான் நகரும். இரண்டு மரத்துக்கு நடுவே பத்தடி இடைவெளி விழுந்தால் தரையில் இறங்கியாக வேண்டும். தரையில் நாய் இருக்கிறது, சாலையில் லாரி இருக்கிறது. அதனால்தான் கிளுவை வேலியும் கள்ளி வேலியும் அதற்கு நடைபாதை. பகலில் நாலைந்தாகச் சுருண்டு உறங்க முள்மரமே பாதுகாப்பு. உயிர்வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போடும்போது நிலத்துக்காரர் ஒரு விலங்கின் வழியை அடைக்கிறோம் என்று நினைப்பதில்லை. அங்கேதான் இழப்பு தொடங்குகிறது. கண்நோய்க்கு மருந்து, தாயத்து, மாந்திரீகம் என்று பிடித்துக் கொன்றது தனிக் கொடுமை; அதில் மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை.

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேவாங்கு இருக்கிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அது. நல்ல காரியம். ஆனால் சரணாலய எல்லைக்கு வெளியே, தோட்டங்களின் ஓரத்திலும் தேவாங்கு வாழ்கிறது. அதைக் காப்பது வனத்துறையால் மட்டும் ஆகிற வேலை அல்ல.

மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரப்போரத்துக் கிளுவையையும் உடையையும் விட்டுவையுங்கள். இரவில் சிவந்து மின்னும் இரண்டு கண் தெரிந்தால் டார்ச்சை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். அடிபட்டதைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.